கேள்வியும் கேட்டலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இசையும் நடனமும் நாடகமும் நிறைந்த இம்மாலையில் தொழிற்சாலையையும் அலுவலகத்தையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒப்பனை முடிந்த குழந்தைகள் திரைக்குப் பின்னே காத்திருக்கிறார்கள் என்பதை அறிவேன். ஆதலால் சுருங்கவே சொல்ல முயல்வேன். ஆயினும் பொருள் சிறியதன்று.

நாம் இந்த அகமதாபாத் நகருக்கு வந்ததே வேலையின் பொருட்டு. நெசவாலைகளுக்கு வந்தோர் உண்டு. இரயில்வேக்கும் வங்கிகளுக்கும் மருந்துத் தொழிற்சாலைகளுக்கும் வந்தோர் உண்டு. கணினி நிறுவனங்களுக்கு இன்று வந்துகொண்டிருக்கும் இளைஞரும் உண்டு. விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை வேலை செய்யும் இடத்திலேயே கழிக்கிறோம். அங்கே காதில் விழுந்த ஒரு கடுஞ்சொல் அங்கேயே தங்கிவிடுவதில்லை. மாலையில் நம்மோடு பேருந்தில் ஏறுகிறது, காலனிக்குள் நுழைகிறது, சோற்றுத் தட்டின் எதிரே அமர்கிறது. காரணம் தெரியாமலே பிள்ளை அடி வாங்குகிறான். இதை நான் சொல்லி இங்குள்ள தாய்மார்கள் அறிய வேண்டியதில்லை.

ஆகவே தொழிலிடத்தில் மனிதர் மனிதரோடு எவ்வாறு பேசுகிறார் என்பது முதலாளிக்கு மட்டும் உரிய கவலையன்று, குடும்பங்களின் கவலை. இம்மண்டபத்தில் கட்டளையிடுவோர் இருக்கிறீர்கள். கட்டளைக்குக் கீழ்ப்படிவோர் இருக்கிறீர்கள். காலையில் கீழ்ப்படிந்து மாலையில் கட்டளையிடுவோரே மிகுதி. எல்லார்க்கும் பயன்படும் ஒரு முறையைப் பற்றி இன்று சொல்லப் போகிறேன். ஆங்கிலத்தில் அதனை மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்பர். நாம் ஊக்க உரையாடல் என்று வழங்குவோம்.

குடிநோய் மருத்துவத்தில் பிறந்த முறை

இம்முறை தொழிற்சாலையில் பிறக்கவில்லை. மதுப் பழக்கத்தில் சிக்கியவர்களுக்குச் சிகிச்சை செய்யும் இடத்தில் பிறந்தது. அமெரிக்காவில் அந்நாளில் குடிநோயாளரை நேருக்கு நேர் மோதித் திருத்த வேண்டும் என்ற கருத்து வலுத்திருந்தது. அவர் தம் குறையை மறைப்பார், பொய் சொல்வார், ஆதலால் அவருடைய தற்காப்பை உடைத்தெறிய வேண்டும் என்று பலர் நம்பினர். அதட்டலும் இகழ்ச்சியும் மருந்தென்று கருதப்பட்டன.

நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மில்லர் என்னும் உளவியலாளர் வேறொன்றைக் கண்டார். அவரும் அவருடைய தோழர்களும் 1980-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரே வகைப் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் ஒரே வகைச் சிகிச்சையை அளித்தும் பலன் வேறுபட்டது. வேறுபாட்டிற்குக் காரணத்தைத் தேடியபோது, நோயாளி சொல்வதை உள்ளன்போடு செவிமடுத்த ஆலோசகரிடம் சென்றவர்களே பெரிதும் நலமுற்றனர் என்பது தெரிந்தது. கார்ல் ராஜர்ஸ் என்ற உளவியல் அறிஞர் நெடுங்காலமாகச் சொல்லி வந்த உண்மைதான் அது. ஆயினும் குடிநோய் மருத்துவத்திற்குப் புதிதாக இருந்தது.

1982-இல் மில்லர் நார்வே நாட்டின் பெர்கன் நகருக்குச் சென்று, அங்கிருந்த இளம் உளவியலாளர்களோடு உரையாடினார். அவர்கள் நோயாளிபோல் நடிக்க, இவர் ஆலோசகராகப் பேசிக் காட்டினார். அவர்களோ இடையிடையே நிறுத்தி, “இப்போது ஏன் இந்தக் கேள்வியைக் கேட்டீர்கள்? ஏன் வேறொன்றைக் கேட்கவில்லை?” என்று வினவினர். தாம் பழக்கத்தால் செய்து வந்ததை நெறியாக வகுத்துச் சொல்லும்படி அவ்வினாக்கள் அவரைத் தூண்டின. அதன் விளைவாக 1983-இல் முதற் கட்டுரை வெளிவந்தது. பின்னர் ஸ்டீபன் ரோல்னிக் என்பவரோடு சேர்ந்து 1991-இல் அவர் எழுதிய நூல் இத்துறையின் மூல நூலாயிற்று. 2023-இல் அதன் நான்காம் பதிப்பு வந்தது. இதற்கிடையே 1993-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆலோசகர் எவ்வளவுக்கு மோதிப் பேசினாரோ அவ்வளவுக்கு நோயாளி ஓராண்டு கழித்தும் மிகுதியாகக் குடித்தார் என்று காட்டிற்று. அதட்டினால் திருந்துவான் என்ற நம்பிக்கைக்கு அது பலத்த அடி.

குடிநோயில் தொடங்கிய முறை சர்க்கரை நோயாளரிடம் சென்றது; புகைப்பிடிப்போரிடம் சென்றது; சிறைகளுக்கும் பள்ளிகளுக்கும் சென்றது; இன்று தொழிலிடங்களுக்கும் வந்திருக்கிறது.

இரு மனம்

இம்முறையின் அடிப்படை மிக எளியது. மாற வேண்டிய நிலையில் இருக்கும் மனிதன் பெரும்பாலும் ஒரு மனத்தோடு இருப்பதில்லை. இரு மனத்தோடு இருக்கிறான். “மாறினால் நல்லது” என்று ஒரு குரல் அவனுக்குள்ளேயே பேசுகிறது. “இப்படியே இருந்துவிட்டால் என்ன?” என்று மற்றொரு குரலும் பேசுகிறது. இது பிடிவாதம் அன்று; மனித இயல்பு.

இப்போது மேலதிகாரி வருகிறார். அவர் நல்லவர், திருத்த வேண்டும் என்ற ஆவல் உடையவர். வந்தவுடன் மாற்றத்தின் பக்கம் நின்று வழக்காடுகிறார். “நேரத்தோடு வந்தால் என்ன? அனைவரும் வரவில்லையா?” என்கிறார். ஒரு பக்கத்தை அவர் எடுத்துக்கொண்டுவிட்டதால், எதிரே இருப்பவனுக்கு எஞ்சியிருப்பது மறுபக்கம் ஒன்றுதான். தாமதத்திற்கு உரிய நியாயங்களை அவன் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறான். சொல்லச் சொல்ல அவை அவனுக்கே வலுப்பெறுகின்றன. ஏனெனில் மனிதன் பிறர் சொல்வதைக் கேட்டு நம்புவதைவிடத் தன் வாயால் தான் சொல்வதைக் கேட்டு நம்புவதே மிகுதி. நல்ல நோக்கத்தோடு பேசிய அதிகாரி, அவனை மாறாமல் இருப்பதற்கே வழக்கறிஞனாக்கிவிட்டுப் போகிறார்.

எனவே மில்லரும் ரோல்னிக்கும் சொல்லும் முதல் பாடம், திருத்தும் வேகத்தை அடக்குக என்பது. மாற்றத்திற்குரிய காரணங்களை நாம் சொல்லலாகாது. அவன் வாயிலிருந்து அவை வருமாறு உரையாட வேண்டும்.

‘கேள்’ என்னும் சொல்

நம் தமிழில் ‘கேள்’ என்ற ஒரு சொல் இருக்கிறது. வினாவுதலுக்கும் அதுவே சொல். செவிமடுத்தலுக்கும் அதுவே சொல். “அவனைக் கேள்” என்றால் வினவு என்பது பொருள். “அவன் சொல்வதைக் கேள்” என்றால் செவிகொடு என்பது பொருள். திருக்குறளில் ‘சொல்வன்மை’ அறுபத்தைந்தாம் அதிகாரமாக வருகிறது. ‘கேள்வி’யோ நாற்பத்திரண்டாம் அதிகாரமாக முன்னரே வந்துவிடுகிறது. அங்கே கேள்வி என்பது செவியால் பெறும் செல்வம். வினவுவதும் செவிமடுப்பதும் ஒரே செயலின் இரு பாதிகள் என்பதை நம் மொழியே நமக்குச் சொல்லித் தருகிறது. விடையைச் செவிமடுக்க எண்ணமில்லாதவன் வினவுவது கேள்வியாகாது, விசாரணையே ஆகும்.

ஊக்க உரையாடலுக்கு நான்கு கருவிகளைச் சொல்லுவர்.

முதலாவது, விரிந்த கேள்வி. “ஆம்”, “இல்லை” என்று முடிந்துவிடாத கேள்வி. “வேலை பிடிக்கிறதா?” என்பது மூடிய கதவு. “இந்த வேலையில் உங்களுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது?” என்பது திறந்த கதவு.

இரண்டாவது, நலம் கண்டு சொல்லுதல். இது முகத்துதியன்று. “நீங்கள் மிகத் திறமைசாலி” என்று பொதுப்படச் சொல்வதில் பயனில்லை. “மூன்று நாள் காய்ச்சலிலும் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனீர்கள்” என்று கண்ணாரக் கண்டதைச் சொல்ல வேண்டும். தன்னை ஒருவர் கவனித்திருக்கிறார் என்று அறிந்த மனம் தானே மலரும்.

மூன்றாவது, மீட்டுரைத்தல். அவர் சொன்னதன் பொருளை நம் சொல்லால் திருப்பிச் சொல்வது. கிளிப்பிள்ளைபோல் அப்படியே ஒப்பிப்பதன்று. சொல்லாமல் விட்ட உணர்ச்சியையும் சேர்த்துச் சொல்வது. தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அவரே திருத்துவார். சரியாகப் புரிந்துகொண்டிருந்தால் அவரே மேலும் பேசுவார்.

நான்காவது, தொகுத்துரைத்தல். பல மலர்களைப் பறித்து ஒரு சரமாகக் கட்டி அவர் கையிலேயே கொடுப்பது போன்றது அது.

அறிவுரையே சொல்லக் கூடாதா என்று சிலர் ஐயுறலாம். சொல்லலாம். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் அவருக்குத் தெரிந்தது என்ன என்று கேட்க வேண்டும். பின்பு அவர் இசைவு பெற்று நாம் அறிந்ததைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அதன்பின், “இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?” என்று மீண்டும் கேட்க வேண்டும். அறிவுரை நடுவே ஒரு சிறு பகுதியாக இருக்கிறது; இரு புறமும் கேட்டல் இருக்கிறது.

தறிக்கூடத்தில் ஓர் உரையாடல்

நம் நகருக்கு ஏற்ற ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். ஒரு தறிக்கூடம். அங்கே இரைச்சல் மிகுதி. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் வகுத்த வரம்பு. பல தறிக்கூடங்கள் அவ்வரம்பைத் தாண்டுவன. உட்செவியில் உள்ள நுண்ணிய மயிரிழை உயிரணுக்கள் இரைச்சலால் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே காதில் இயர் பிளக் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது கட்டளை. அனுபவம் மிக்க முதிய நெசவாளர் ஒருவர் அதை வைத்துக்கொள்வதில்லை. மேற்பார்வையாளரோ பட்டம் பெற்று வந்த இளைஞர். இருவரும் தமிழர்.

முதல் வகை உரையாடல் இது:

“இயர் பிளக் ஏன் போடவில்லை? எத்தனை முறை சொல்வது?”

“இருபது ஆண்டாக இந்தச் சத்தத்தில்தான் நிற்கிறேன், சார். ஒன்றும் ஆகவில்லையே!”

“செவிடான பிறகு அழுது பயனில்லை.”

“அதைப் போட்டால் தறி ஓடும் ஓசை தெரிவதில்லை. துணி கெட்டுப்போனால் என்னைத்தானே கேட்பீர்கள்?”

“வாதாட வேண்டாம். நாளைக்கும் போடவில்லை என்றால் மெமோ வரும்.”

மறுநாள் என்ன நிகழும்? மேற்பார்வையாளர் வரும்போது இயர் பிளக் காதில் இருக்கும். அவர் தலை மறைந்ததும் சட்டைப் பையில் இருக்கும். கட்டளை வென்றது; காது தோற்றது.

இரண்டாம் வகை உரையாடலைக் கேளுங்கள்:

“அண்ணே, இயர் பிளக் பற்றி ஓர் ஐந்து நிமிடம் பேசலாமா?”

“போடச் சொல்லப் போகிறீர்கள், சார்.”

“போட வேண்டும் என்பது விதி. அது உங்களுக்கும் தெரியும். அதைச் சொல்ல நான் வரவில்லை. அதைப் போடுவதில் உங்களுக்கு என்ன இடைஞ்சல் என்று கேட்க வந்தேன்.”

“ஓசையை வைத்துத்தான் தறி ஒழுங்காக ஓடுகிறதா என்று அறிவேன். காதை அடைத்தால் கண்ணைக் கட்டியது போல இருக்கிறது.”

“உங்கள் காதுதான் உங்களுக்குக் கருவி. அதையே மூடிக்கொண்டு வேலை செய்யச் சொல்கிறோம் என்பது உங்கள் வருத்தம்.”

“ஆமாம், சார்.” சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அவரே தொடர்கிறார்: “ஆனால் வீட்டில் டி.வி.யை மிகவும் சத்தமாக வைக்கிறேன் என்று மகள் சண்டை போடுகிறாள்.”

“காது சற்று மந்தமாகியிருக்குமோ என்று உங்களுக்கே ஓர் ஐயம் இருக்கிறது.”

“இருக்கிறது. ஊரிலிருந்து பேத்தி போனில் பேசுகிறாள். பாதி விளங்குவதில்லை. விளங்கியதுபோல் சிரித்துவிடுகிறேன்.”

“சுழியிலிருந்து பத்து வரை எண் போட்டால், காதைக் காப்பாற்றிக்கொள்வது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பீர்கள்?”

“ஐந்து என்று வையுங்கள்.”

“இரண்டு என்று சொல்லாமல் ஏன் ஐந்து என்றீர்கள், அண்ணே?”

“இந்தக் காது போய்விட்டால் அப்புறம் தறியின் ஓசையும் கேட்காதே, சார்! பேத்தியின் பேச்சும் கேட்காது.”

“காதை அடைத்தால் தறி தெரியவில்லை, அடைக்காவிட்டால் நாளைக்கு எதுவுமே தெரியாமல் போகலாம். இதற்கு என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?”

“இந்த நுரை பிளக் அரிக்கிறது. காதின்மேல் கவிழ்க்கும் வகை ஒன்று உண்டாமே! அதைப் போட்டு ஒரு வாரம் பார்த்துச் சொல்கிறேன்.”

“அதை வாங்கித் தருவது என் பொறுப்பு. உங்களுக்குக் காதுப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வதும், கூடத்தின் இரைச்சலை அளக்கச் சொல்வதும் என் பொறுப்பு.”

நண்பர்களே! காதைக் காப்பாற்ற வேண்டும் என்று இந்த உரையாடலில் சொன்னவர் யார்? மேற்பார்வையாளர் அல்லர், நெசவாளரே சொன்னார். “ஏன் பத்து இல்லை?” என்று கேட்டிருந்தால் குறைகளை அடுக்கியிருப்பார். “ஏன் இரண்டு இல்லை?” என்று கேட்டதால் காரணங்களைத் தேடினார். ஒரே எண், கேள்வி திரும்பிய திசையால் விடையும் திரும்பிற்று. அதோடு, மேற்பார்வையாளர் வெறுங்கையோடு போகவில்லை. தம் கடமையையும் ஏற்றுக்கொண்டு போனார். கேட்டல் என்பது கேட்டதற்கு ஏற்பச் செய்தலும் ஆகும்.

ஆலைகள் கற்ற பாடம்

தொழிலாளியைக் கேட்கும் வழக்கம் ஊக்க உரையாடலுக்கு முன்னரே தோன்றியதுண்டு. அமெரிக்காவில் சிகாகோ அருகே ஹாதார்ன் என்ற இடத்தில் இருந்த தொலைபேசிக் கருவித் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை புகழ்பெற்ற ஆய்வுகள் நடந்தன. அவற்றின் ஒரு பகுதியாக, 1928 முதல் 1930 வரை இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட தொழிலாளரைத் தனித்தனியே கண்டு பேசினர். முதலில் ஆயத்தம் செய்த கேள்விகளோடு சென்றனர். விளக்கு எப்படி, வெப்பம் எப்படி என்று கேட்டனர். தொழிலாளரோ கேட்டதை விட்டுத் தம் மனத்தில் இருந்ததைச் சொல்ல முற்பட்டனர். ஆய்வாளர் கேள்வித் தாளை மூடி வைத்துவிட்டு, அவர்கள் போக்கில் பேசவிட்டுக் கேட்கத் தொடங்கினர். உரையாடல்கள் நீண்டன, உண்மைகள் வெளிவந்தன. அவ்வாய்வுகளின் முடிவுகளைப் பற்றி அறிஞரிடையே வாதங்கள் பின்னாளில் எழுந்தன. கேட்பதோடு நின்று, நிலைமையை மாற்றாவிட்டால் என்ன பயன் என்ற கண்டனமும் எழுந்தது. அக்கண்டனமும் நமக்குப் பாடமே.

நம் நகரமும் இவ்வகையில் உலகிற்கு ஒரு பாடம் தந்தது. அகமதாபாத்தின் காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகளை நிறுவினர். புதிய தறிகள் வந்தும் எதிர்பார்த்த பயன் வரவில்லை. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு துண்டு வேலை. யாருக்கு யார் துணை என்பதே விளங்காத நிலை. 1953-இல் இலண்டனின் டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் என்பவர் வந்து பார்த்தார். சிறு சிறு குழுக்களாகச் சேர்ந்து, ஒரு தொகுதித் தறிகளுக்கு ஒரு குழு முழுப்பொறுப்பு ஏற்பது என்ற கருத்தை மேற்பார்வையாளரோடும் தொழிலாளரோடும் கலந்து பேசினார். தொழிலாளர் அக்கருத்தைத் தமதாக்கிக்கொண்டு, தாமே குழுக்களை அமைத்துவிட்டனர். தொடக்கத்தில் தடுமாற்றம் இருந்தது. பின்னர் விளைச்சல் உயர்ந்தது. துணியின் பழுது குறைந்தது. ரைஸ் இதனை 1958-இல் நூலாக எழுதினார். அந்த ஆலை இப்போது இல்லை. ஆனால் அந்தப் பாடம் மேலாண்மை நூல்களில் இன்றும் வாழ்கிறது.

அப்பாடம் யாது? தனக்கு விதிக்கப்பட்டதை மனிதன் நிறைவேற்றுவான். தான் தேர்ந்துகொண்டதையோ காப்பாற்றுவான். ஊக்க உரையாடல் ஒருவரிடத்தில் செய்வதை, அந்த ஆலை ஒரு கூடம் முழுவதிலும் செய்து பார்த்தது.

பண்பாடு என்பது யாது?

ஓர் உரையாடல் பண்பாடாகிவிடாது. நாள்தோறும் நிகழும் நூறு சிறு செயல்கள் சேர்ந்ததே பண்பாடு. விபத்து நேர்ந்தால் எழும் முதற்கேள்வி எது? “யார் செய்தது?” என்பதா, “என்ன நிகழ்ந்தது? யாருக்கேனும் அடிபட்டதா?” என்பதா? கூட்டத்தில் கடைசி வரிசையில் இருக்கும் எழுத்தர் ஒரு கருத்தைச் சொன்னால், அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாரா, அவர் முகத்தைப் பார்க்கிறாரா? பிழையைத் தானே வந்து சொன்னவனுக்கு நன்றி கிடைக்கிறதா, தண்டனை கிடைக்கிறதா? பிழையைச் சொன்னவன் தண்டிக்கப்பட்டால், அடுத்த பிழையை எவனும் சொல்லமாட்டான். மறைத்த பிழை ஒருநாள் கொதிகலன்போல் வெடிக்கும்.

இதனை ஒருநாள் வகுப்பில் கற்றுவிடவும் இயலாது. இருநாள் பயிற்சி மட்டும் பெற்றவர்களிடம் போதிய மாற்றம் நிகழவில்லை என்று மில்லரே 2001-இல் எழுதினார். பயிற்சிக்குப் பின்னும் உரையாடல்களைக் கேட்டுப் பார்த்துக் குறைநிறை சொல்லி வழிகாட்டினால்தான் திறமை நிலைக்கிறது என்பதை 2004-இல் வந்த ஆய்வு காட்டிற்று. வீணை கற்பது போன்றதே இதுவும், சாதகம் வேண்டும். மற்றும் ஒன்று: மேற்பார்வையாளர் தொழிலாளியைக் கேட்க வேண்டுமானால், மேற்பார்வையாளரைக் கேட்க ஒருவர் வேண்டும். வறண்ட கிணற்றிலிருந்து யாருக்கும் நீர் வார்க்க முடியாது.

எல்லை அறிதல்

எந்த நல்ல மருந்துக்கும் அளவும் பத்தியமும் உண்டு. இதற்கும் உண்டு.

தீப்பற்றி எரியும்போது, “உங்கள் கருத்து என்ன?” என்று கேட்டுக்கொண்டிருக்கலாகாது. “வெளியே ஓடு” என்று கூவ வேண்டும். ஆபத்து நேரத்தில் கட்டளையே கருணை.

பெண் ஊழியரிடம் ஒருவன் முறைகேடாக நடந்தால், அவனோடு இன்மொழி பேசி விட்டுவிடலாகாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. அங்கே வழி அதுதான். நம் மகளிர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமான எல்லை ஒன்று உண்டு. நியாயமான கூலியைக் கேட்பவனை இனிய பேச்சால் மயக்கி அனுப்ப இந்த முறையைப் பயன்படுத்தினால், அது ஊக்க உரையாடல் அன்று, ஏமாற்று. மில்லரும் ரோல்னிக்கும் மூன்றாம் பதிப்பில், எதிரில் இருப்பவரின் நலத்தை முன்வைக்கும் பரிவு என்பதை இம்முறையின் உயிர்ப்பண்புகளுள் ஒன்றாகச் சேர்த்தனர். விற்பனைத் தந்திரமாக இது திரிந்துவிடக் கூடாது என்பதே காரணம்.

இந்நகரின் வரலாறும் இதனையே சொல்கிறது. 1918-இல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டனர். ஆலை முதலாளிகளின் பக்கம் முன்னின்றவர் அம்பாலால் சாராபாய்; தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய தமக்கையாரான அனசூயா பென். முதலாளிகள் நூற்றுக்கு 20 என்றனர். காந்தியடிகள் இரு பக்க நிலைமையையும் ஆராய்ந்து, நூற்றுக்கு 35 கேட்பது நியாயம் என்று தொழிலாளருக்கு அறிவுறுத்தினார். அடிகள் உண்ணாநோன்பு இருந்தபின் உடன்பாடு வந்தது. முதல் நாள் 35, மறுநாள் 20, அதன்பின் நடுவர் தீர்ப்பு வரும்வரை 27½ என்று இருவர் சொல்லுக்கும் இடம் வைத்து முடித்தனர். நடுவர் தீர்ப்பில் 35 என்றே உறுதியாயிற்று. எதிரெதிரே நின்றபோதும் அக்காளும் தம்பியும் பகைவராகவில்லை. பேச்சு அறவே முறியவில்லை. ஆனால் பேச்சு கூலிக்கு ஈடாக வைக்கப்படவும் இல்லை. கூலி கூலியாகவே கிடைத்தது. இந்த வேறுபாட்டை மறவாதிருப்போமாக.

நம்மவர்க்குச் சில சொற்கள்

வேற்று மொழி வழங்கும் ஊரில் வேலை செய்யும் நமக்கு இதில் தனிக் கடமை உண்டு. ஊரிலிருந்து புதிதாக வந்த தமிழ் இளைஞன் இந்தியோ குஜராத்தியோ சரியாக வராமல் வாய்மூடி நிற்கிறான். மேலதிகாரி அதனைச் செருக்கு என்று எண்ணுகிறார். சொல் வரவில்லை என்பது அவருக்குத் தெரிவதில்லை. அந்த இளைஞன் அருகில் அமர்ந்து, இரண்டு நிமிடம் பொறுத்து, அரைகுறைச் சொற்களுக்கும் செவிகொடுத்து, “நீ சொல்ல வந்தது இதுதானே?” என்று ஒருவர் மீட்டுரைத்தால் போதும். ஒருவனுடைய வேலை தப்பும். சில வேளைகளில் அவனுடைய வாழ்வே தப்பும்.

அதேபோல, நம் கீழ் வேலை செய்யும் பீகாரியோ ஒடியாக்காரரோ நம்மிடம் அவ்வாறே வாய்மூடி நிற்கலாம். நாம் வந்த புதிதில் நமக்கு எது வேண்டியிருந்ததோ அதுவே அவருக்கும் வேண்டும். குஜராத்தி மக்கள் எவரையும் பெயரோடு பாய் என்றும் பென் என்றும் சேர்த்து அழைக்கும் அழகை நாம் நாள்தோறும் கேட்கிறோம். முதலாளியும் பாய், வாயிற்காவலரும் பாய். நாமும் ஊரில் அண்ணே, அக்கா, தம்பி என்று அழைத்து வளர்ந்தவர்களே. அலுவலக வாயிலில் அடையாள அட்டையைக் காட்டும்போது அந்த உறவுச் சொற்களைக் கழற்றி வெளியே வைத்துவிட வேண்டியதில்லை.

பெற்றோர்களே! மதிப்பெண் அட்டையோடு பிள்ளை வரும் நாளிலும் இம்முறையைச் செய்து பாருங்கள். “ஏன் தொண்ணூறு இல்லை?” என்று தொடங்காமல், “இந்த அறுபது எப்படிக் கிடைத்தது? எது உனக்கு எளிதாக இருந்தது?” என்று தொடங்கிப் பாருங்கள். தன்னால் இயன்றதைத் தன் வாயால் சொல்லும் பிள்ளை, அடுத்த படியையும் தானே சொல்லும்.

நாளைக் காலை வேலைக்குச் செல்வோர்க்கு ஒரு சிறு வேண்டுகோள். நாளைக்கு ஒரே ஒருவரிடம், அறிவுரை ஏதும் சொல்லாமல், அவர் பேசி முடிக்கும்வரை கேட்டுப் பாருங்கள். அவர் சொன்னதை உங்கள் சொல்லால் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் உங்களுக்கு மீதிப் பாடத்தைச் சொல்லித் தரும்.

இவ்வளவு நேரம் என் பேச்சைப் பொறுமையோடு கேட்டீர்கள். கேட்டல் கலையில் நீங்கள் முன்னரே தேர்ந்தவர்கள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 

  வணக்கம்.